பாதி ஒளிரும் ரத்தத்துளி

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ சிகாமட்டிலோ, அரசு மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்ததும், தொப்புள்கொடியை வெட்டிய கையோடு அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து வைப்பார்கள். குழந்தைக்கு ஊசிக்குத்து கிடையாது. எப்படியும் வீசப்போகிற கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம்தான். மலேசியாவில் 1980-களிலிருந்து நடந்துவரும் வழக்கம் இது. ஆய்வுக்கூடத்தில் அந்த ரத்தத்தை ஒரு கரைசலோடு கலந்து, வடிதாளில் சொட்டுச் சொட்டாக வைத்து உலர்த்துவார்கள். பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். நலமான ரத்தம் நீலமாய் ஒளிரும். குறையுள்ள ரத்தம் இருண்டே கிடக்கும்.

ஆண் குழந்தைகளின் பொட்டுகளில் விடை இரண்டே வகை: ஒளிர்கிறது, அல்லது ஒளிரவில்லை. பெண் குழந்தைகளின் வரிசையில் மூன்றாவது ஒன்றும் தட்டுப்படும். முழு ஒளியும் இல்லாமல் முழு இருட்டும் இல்லாமல் மங்கலாக மினுங்கும் பொட்டு. ஆணும் பெண்ணும் எதில் வேறுபடுகிறார்கள் என்று நாம் பேசாத நாளில்லை. குணம், பொறுமை, கோபம், பேச்சு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியல் எதிலும் இடம்பெறாத, ஆனால் அவை எல்லாவற்றையும்விட உறுதியான ஒரு வேறுபாடு இந்த மங்கல் பொட்டுக்குள் இருக்கிறது.

முதலில், ஒளிர்வது எது? ரத்தச் சிவப்பணுவின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் அதே ஆக்சிஜன்தான். ஆகவே அதைச் சுமக்கும் அணு ஒவ்வொரு நொடியும் துருவோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் ஒரு சிக்கல். சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. உட்கரு போனால் செய்முறைக் குறிப்பும் போய்விடும். புதிதாக எந்தப் புரதத்தையும் அதனால் செய்துகொள்ள முடியாது. கையிருப்பில் உள்ள நொதிகளை வைத்தே ஏறக்குறைய 120 நாள் ஓட்டியாக வேண்டும். அவற்றில் ஒன்று ஜி6பிடி. முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். சர்க்கரையிலிருந்து என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறை உருவாக்க இது உதவுகிறது. துருவை எதிர்க்கும் ஆயுதம் அந்த மூலக்கூறுதான். சிவப்பணுவுக்கு அதைப் பெற வேறு வழியே இல்லை. புற ஊதா ஒளியில் நீலமாய் மின்னுவதும் அதே மூலக்கூறு. ரத்தத்தைக் காக்கும் பொருளே தான் இருப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது.

இந்த நொதி குறைவாக உள்ள குழந்தையைத்தான் மலேசிய வீடுகளில் 'பையனுக்கு ஜி6பிடி இருக்கு' என்று சொல்வார்கள். மஞ்சள் காமாலை முற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள, பிறந்த முதல் சில நாள்கள் மருத்துவமனையிலேயே வைத்திருப்பார்கள். அதன் பிறகு பெரும்பாலும் தொந்தரவில்லை, சில பொருள்கள் பக்கத்தில் வராத வரை. துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை கூடாது. சில மருந்துகள் கூடாது. கச்சாங் பூத்தே வண்டியில் வறுத்து விற்கும் கச்சாங் பாராங், அதாவது அகன்ற அவரை வகைப் பருப்பு, கூடவே கூடாது. இவை உடலுக்குள் போனால் துரு வேகம் பிடிக்கும்; ஆயுதமில்லாத சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையும்; சிறுநீர் கறுத்துப் போகும்.

ஜி6பிடியைச் செய்வதற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருக்கிறது. நிறப்புரி என்பது மரபணுக்களைச் சுமக்கும் இழை. குரோமோசோம் என்று பள்ளியில் படித்திருப்போம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். எக்ஸில் 800-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. ஒய்யில் இருப்பவை சுமார் நூறு. ஜி6பிடி அவற்றில் இல்லை. ஆகவே ஆணின் ஒரே எக்ஸில் பிழை இருந்தால் மாற்று கிடையாது. பெண்ணுக்கு இன்னொன்று கைவசம் இருக்கிறது.

இந்தச் சின்ன வித்தியாசம் எண்ணிக்கையில் எப்படி விரிகிறது என்று பாருங்கள். கணக்குக்காக, ஓர் ஊரில் 25 எக்ஸுக்கு ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பள்ளியில் 625 மாணவர்கள், 625 மாணவிகள். குறைபாடுள்ள மாணவர்கள் 25 பேர். இரண்டு எக்ஸிலும் பிழை அமைந்த மாணவி ஒரே ஒருத்தி. இதை மட்டும் பார்த்தால் 'ஆண்பிள்ளைகளின் நோய்' என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஒரு எக்ஸ் நல்லதாகவும் மற்றது பிழையாகவும் உள்ள மாணவிகள் எத்தனை பேர்? 48. நோயாளிப் பையன்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நெடுங்காலம் மருத்துவம் இவர்களை 'கடத்திகள்' என்று சொல்லி ஒதுக்கிவைத்தது. அம்மாவிடமிருந்து மகனுக்கு நோய் போகும் வழி, அவ்வளவுதான் என்ற பார்வை. அவர்கள் உடலுக்குள்ளேயே நடப்பது என்ன என்ற கேள்வி 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் சூடுபிடித்தது.

அந்தக் கேள்விக்கு முதல் துப்பு ஒரு பூனையின் நரம்பணுவில் கிடைத்தது. 1949-இல் கனடாவில் மரே பாரும் எவர்ட் பெர்ட்ரமும் நுண்ணோக்கியில் பூனை நரம்பணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டைப் பூனையின் உட்கருவில் மட்டும் ஒரு கரும்புள்ளி. கடுவனிடம் அது இல்லை. அந்தப் புள்ளி, இறுகச் சுருண்டுபோன ஒரு எக்ஸ் நிறப்புரி என்று 1959-இல் சுசுமு ஓனோ காட்டினார். 1961-இல் இங்கிலாந்தின் மேரி லையன், பெண் எலிகளின் ரோமத்தில் இரு நிறங்கள் திட்டுத் திட்டாக வருவதைக் கவனித்து, துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார். பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று வாயடைக்கப்படுகிறது. எது அடைக்கப்படும் என்பது அணுவுக்கு அணு மாறும். அந்தக் கருத்தை அவர் வெளியிட்ட குறிப்பு மிகச் சிறியது; அது திறந்துவிட்ட துறைக்கு இன்றுவரை எல்லை தெரியவில்லை.

இது நடக்கும் விதம் அதைவிட வியப்பு. பெண்கரு சில நாள் வயதில், சின்ன உருண்டையாக இருக்கும்போது, ஒவ்வோர் அணுவும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது: அப்பா தந்த எக்ஸா, அம்மா தந்ததா? தேர்வு குருட்டாம்போக்கு. மூடப்பட வேண்டிய எக்ஸ், 'எக்ஸிஸ்ட்' என்ற நீண்ட ஆர்என்ஏ இழையைத் தானே உற்பத்தி செய்து, அந்த இழையால் தன்னையே போர்த்திக்கொண்டு அடங்கிவிடும். தன் வாயைத் தானே கட்டிக்கொள்ளும் நிறப்புரி! ஒருமுறை எடுத்த முடிவு மாறாது. அந்த அணுவிலிருந்து பிறக்கும் அணுக்கள் எல்லாம், 80 வயது ஆனாலும், அதே தேர்வைக் காப்பாற்றும். ஆகவே ஒரு பெண்ணின் உடல் நம் பழைய வீடுகளின் மொசைக் தரை போன்றது. அப்பாவின் எக்ஸ் பேசும் சில்லுகள் இங்கே, அம்மாவின் எக்ஸ் பேசும் சில்லுகள் அங்கே. ஆணின் உடலில் எல்லாச் சில்லும் அம்மா தந்தவை. உயிரியலாளர்களும் இதற்கு மொசைக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாக உள்ள தெருப்பூனையை ஜொகூரின் எந்தச் சாப்பாட்டுக்கடை வாசலிலும் பார்க்கலாம். அது ஏறக்குறைய எப்போதுமே பெட்டைதான். ரோமத்தைச் செம்பழுப்பாக்கும் மரபணு எக்ஸில் இருப்பதால், இரண்டு நிறமும் ஒரே உடலில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். கிட்டப்போய் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை; ரோமமே சொல்லிவிடும்.

மனிதரிடம் இதை நிரூபித்தது எது? அதே ஜி6பிடி. 1962-இல் கலிபோர்னியாவில் எர்னஸ்ட் பியூட்லர் ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். கடத்தி எனப்படும் பெண்ணின் ரத்தத்தில் நொதி பாதி அளவு இருக்கிறது. எல்லாச் சிவப்பணுவிலும் பாதிப் பாதி இருக்கிறதா, அல்லது பாதி அணுக்களில் முழுதும், மீதி அணுக்களில் ஏதுமில்லாமலும் இருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அந்த ரத்தம் இரு வகை அணுக்களின் கலவையாகவே நடந்துகொண்டது. லையன் எலியில் கண்டதைப் பியூட்லர் பெண்ணின் ரத்தத்தில் கண்டார். புற ஊதா விளக்கில் பொட்டுகளைப் பார்க்கும் சோதனையை 1960-களில் வடிவமைத்தவரும் அவரே. மங்கல் பொட்டின் பொருள் இப்போது விளங்கும். அதில் முழுத் தெம்புள்ள அணுக்களும் நிராயுதபாணி அணுக்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இதில் உயிர்போகும் விஷயம் ஒன்று உண்டு. விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் மீண்டும் தாக்கும். அதை ஒழிக்கப் பிரிமாகுயின் என்ற மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன. காரணம் ஜி6பிடிக் குறைவு என்று 1956-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த தலைமுறை மருந்தான டாஃபெனோகுயின் ஒரே வேளை மருந்து. பல வாரம் உடலில் தங்கும். விழுங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே நொதியின் திறன் இயல்பில் 70% ஆவது இருந்தால்தான் கொடுக்கலாம் என்பது விதி. பொட்டுச் சோதனையோ, சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களைத்தான் நம்பகமாகப் பிடிக்கும். 30-க்கும் 70-க்கும் நடுவில் நிற்பவர்கள் யார்? அநேகமாக அனைவரும் பெண்கள். 'நார்மல்' என்று அட்டையில் எழுதி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் ரத்தத்தில் பாதி அணுக்கள் ஆபத்தில் இருக்கலாம். உண்டு, இல்லை என்ற இரண்டே விடை ஆணின் ரத்தத்துக்குப் பொருந்தும். அதை அளவுகோலாக வைத்துப் பெண்ணையும் அளந்தது மருத்துவத்தின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். இப்போது திறனை எண்ணாகவே சொல்லும் சிறு கருவிகள் வந்துவிட்டன. அந்தக் குறை மெல்லச் சரியாகிறது.

மொசைக்கைக் கண்ணாலேயே பார்க்க முடியுமா? முடியும். வியர்வைச் சுரப்பி உருவாகாத ஒரு பரம்பரைக் குறைபாடு உண்டு. அதன் மரபணுவும் எக்ஸில்தான். சிந்துப் பகுதியில் நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்குப் பல் குறைந்து, முடி குறைந்து, தோல் வறண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சார்லஸ் டார்வினே பதிவு செய்திருக்கிறார். மகள்கள் யாருக்கும் நோயில்லை. ஆனால் மகள்கள் வழியாகவே அது பேரன்களுக்குப் போனது. அத்தகைய பெண்ணின் முதுகில் அயோடினும் மாவுப்பொடியும் தடவி வியர்க்கவிட்டால், வியர்க்கும் இடம் கறுக்கும், வியர்க்காத இடம் வெளுத்தே நிற்கும். முதுகுத்தண்டிலிருந்து இரு பக்கமும் வளைந்து இறங்கும் பட்டைகள் தெரியும். கருவில் அணுக்கள் நகர்ந்து சென்ற பாதை அது. பிறப்பதற்குப் பல மாதம் முன்பு நடந்த பயணத்தின் வரைபடம், வியர்வையால் தோலில் எழுதப்படுகிறது.

கண்ணுக்குள்ளும் அப்படித்தான். சிவப்பு, பச்சை நிறங்களை உணரும் மரபணுக்கள் எக்ஸில் இருப்பதால் நிறக்குருடு ஆண்களிடம் மிகுதி. ஆனால் நிறக்குருடான மகனைப் பெற்ற தாயின் விழித்திரையில் சில சமயம் மூன்றுக்குப் பதில் நான்கு வகைக் கூம்பணுக்கள் அமைந்துவிடும். அத்தகைய பெண்களைச் சோதித்த இங்கிலாந்து ஆய்வொன்றில், மற்றவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சாயல்களை ஒருவர் தனித்தனியே பிரித்துச் சொன்னார். மகனுக்குக் குறைவாகத் தெரியும் உலகம் தாய்க்குக் கூடுதலாகத் தெரிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு.

கைவசம் மாற்று எக்ஸ் இருப்பது பெண்ணுக்குப் பலம். அதற்கு அவள் கொடுக்கும் விலையும் உண்டு. மூடிய எக்ஸ் முழுதாக மூடுவதில்லை. ஏறத்தாழ 15% மரபணுக்கள் உள்ளிருந்தபடியே முணுமுணுக்கும். அவற்றுள் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மரபணுக்களும் அடக்கம். ஆகவே தடுப்பூசிக்கும் கிருமிக்கும் பெண்ணின் உடல் பொதுவாகக் கூடுதல் வீரியத்தோடு எதிர்வினை காட்டுகிறது. அந்த வீரியம் எல்லை மீறித் தன் உடலையே தாக்கினால் லூபஸ் போன்ற நோய்கள் வருகின்றன. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். எக்ஸைப் போர்த்தும் அந்த எக்ஸிஸ்ட் இழையும் அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களுமே இந்தத் தாக்குதலுக்கு ஒரு காரணமாகலாம் என்று 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தபின், எல்லாமே எக்ஸின் வேலை என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். மலேசியப் பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய 5 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். அதில் எக்ஸுக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: புகைபிடிப்பவர்கள் ஆண்களில் 40.5%, பெண்களில் 1.2%. இத்தனை பெரிய இடைவெளியை எந்த நிறப்புரியும் உண்டாக்கியதில்லை. கடைத்தெருவில் ஆண் சிகரெட் பற்றவைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் பற்றவைத்தால் தெருவே பார்க்கும். அந்தப் பார்வை பல பெண்களின் நுரையீரலைக் காப்பாற்றியிருக்கிறது.

காட்டிலும் இதே கதை. நோலெசி என்பது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் மலேரியா. இயற்கையாக மனிதனுக்குத் தொற்றியது முதலில் தெரியவந்தது 1965-இல், பகாங் காட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் அமெரிக்கரிடம். அடுத்து, அதுவாகவே இருக்கலாம் என்று 1971-இல் பதிவானவர் ஜொகூரைச் சேர்ந்தவர். மனிதரிடையே பரவும் மலேரியா 2018-இலிருந்து மலேசியாவுக்குள் உள்ளூர்த் தொற்றாகப் பதிவாகவில்லை; எஞ்சியிருப்பது இந்தக் குரங்கு மலேரியாதான். அதன் நோயாளிகளில் மிகப்பெரும்பாலோர் வயதுவந்த ஆண்கள். கொசு ஆண், பெண் பார்த்துக் கடிப்பதில்லை. காட்டோரத் தோட்டத்திலும் மரம் வெட்டும் இடத்திலும் அந்தி நேரத்தில் நிற்பது யார் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

பழக்கம் உலகக் கணக்கையே தலைகீழாக்கிய இடம் ஒன்று உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வாய்ப்புற்றுநோய் உலக அளவில் ஆண்களின் நோய். பெண்களைவிட ஆண்களுக்கு இரு மடங்குக்கும் மேல் வருகிறது. மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பார்த்தால், எல்லா இனத்து ஆண் பெண்களையும்விட இந்தியப் பெண்களிடமே அது அதிகம். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வாளியும் கத்தியுமாக நிரையில் இறங்கிய நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. பசியை அடக்கவும், தூக்கத்தை விரட்டவும், மரத்துக்கு மரம் நடக்கையில் துணைக்கும் அதுதான். சிகரெட்டுக்கு முகம் சுளித்த அதே சமூகம் வெற்றிலையைத் தாம்பூலத் தட்டில் வைத்துப் பெண் கையில் கொடுத்தது.

அந்த உருண்டையைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும்போது நடப்பது வேதியியல். சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்கும். காரமான எச்சிலில் பாக்கின் பொருள்கள் காற்றோடு வினைபுரிந்து, ஆக்சிஜனின் மிகத் தீவிரமான வடிவங்களை விடுவிக்கும். சிவப்பணு இரவுபகலாகப் போராடுகிற அதே துருதான், இங்கே கன்னத்தின் உட்தோலில். கூடவே பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், தோலுக்கடியில் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சேர்த்து வாயை இறுக்குகிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட முடிவு. இதில் எக்ஸுக்கும் ஒய்க்கும் வேலையே இல்லை. எந்தக் கன்னத்தில் உருண்டை தங்குகிறதோ அந்தக் கன்னத்தில் புண் வருகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பேத்திகள் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பின்னும், ஜொகூரில் வெற்றிலை போடும் அம்மாக்களும் பாட்டிகளும் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் பல்மருத்துவர் தேடுவது சில அடையாளங்களை: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வலிக்காத சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண். இன்னொன்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பாட்டியை வாய் முழுதும் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செங்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் அந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும்.